எதிர்ப்பாரம்

உறையைக் கழற்றியதும் தெரிந்தது
ஒன்பது வருஷம்.

மஞ்சள் மேல் மஞ்சள்,
ஓரம் கருத்த ஏரிகள்,
நடுவில் ஒரு தீவு, சரியாகக் காது வைக்கும் இடத்தில்.
எது என் எண்ணெய்
எது தணிகாசலத்தின் வியர்வை
பிரிக்க முடியாது.
எனக்கு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி.
அவனுக்கு சிப்காட்டில் ஏ, பி, சி என்று மாறும்.
அவன் எழுந்த பள்ளத்தில் நான் படுப்பேன்.
சூடு இருக்கும்.
சில நாள் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ஓரத்துச் சீட்டில் எழுத்தெல்லாம் அழிந்து
ஒரு வாளிப் படம் மட்டும் மிச்சம்.
அதன்மேல் பெருக்கல் குறி இருந்ததா
தெரியவில்லை.
இலவம்பஞ்சு இல்லை, ரெக்ரான்தான்,
துணிந்து போட்டேன்.

"ரெண்டாப் போடணும்க்கா" என்றாள்
கீழ்வீட்டு மெஹருன்னிசா.
"ஒத்தையாப் போட்டா மெஷின் நொண்டும்,
செவுரு வரைக்கும் நடந்து போகும்."
அவள் சொன்னது சரி.
முதல் சுழற்சியிலேயே குளியலறை வாசல் தாண்டி வந்து
என் காலருகே நின்று முறைத்தது.

பரணில் இருந்தது இன்னொன்று,
கல்யாணத்துக்கு வாங்கிய ஜோடியில் மிச்சம்.
போன ஆடியில் அவன் கால் முறிந்தபோது
ஆறு வாரம் மாவுக்கட்டைத் தாங்கியது.
கால் வைத்ததில் தலை வைப்பார்களா
என்று மறுபடி மேலேற்றிவிட்டோம்.
வெறும் எடைக்காக இறக்கினேன்.
சும்மா கூடச் சுத்து, என்றேன் அதனிடம்.

தூள் அரை மூடி.
முதல் தண்ணீர் டீ நிறத்தில் போனது.
இரண்டாவது, நேற்றைய டீ.
மூன்றாவது அலசல்
எனக்கே வெட்கமாக இருந்ததால்.

தூக்கினால்
நனைந்த ஆட்டுக்குட்டியின் கனம்.
பிழியக் கூடாது, அமுக்கத்தான் வேண்டும்.
கை மேல் கை வைத்து அமுக்கினேன்
எண்ணிக்கொண்டே.
முப்பதில் நிறுத்தினேன்.
வார்டுப் பழக்கம்.

மொட்டைமாடியில் பங்குனி வெயில்.
ஆனால் முதுநகரில் துணி காயப்போடுவது
வெயிலைப் பார்த்து இல்லை, காற்றைப் பார்த்து.
காலையில் மேல்காற்று, கவலையில்லை.
பதினோரு மணிக்குக் கடல் திரும்பும்,
உப்போடு துறைமுகத்துக் கருவாடும் வரும்,
அதுவும் பழகியதே.
தெற்கிலிருந்து வீசினால்தான் ஓட வேண்டும்.
தெற்கே அவன் கம்பெனி.
அழுகின முட்டை, எரிந்த ஒயர்,
அதற்கு மேல் பெயர் தெரியாத ஓர் இனிப்பு.
அவன் சட்டையில் வந்தால் அது அவன் வாசனை.
காற்றில் வந்தால் கலெக்டருக்கு மனு.

கொடியில் தொங்கவிட்டால் பஞ்சு ஒருபக்கம் இறங்கிவிடும்.
பழைய நைலான் கட்டிலில் படுக்கவைத்து
ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டேன்.
மஞ்சக்குப்பத்தில் இதே வேலைக்குத்தான்
சம்பளம் தருகிறார்கள்.

சாயங்காலம் தொட்டால் மேலே அப்பளம்.
அழுத்தினால்
உள்ளே இன்னும் ஐப்பசி.

இருக்கட்டும் என்று விட்டிருந்தோம்.
அபூர்வமாக ரெண்டு பேருக்கும் லீவு.
சுருட்டின லுங்கி அவனுக்கு, மடித்த போர்வை எனக்கு.
ஒன்பதே கால் இருக்கும்,
அவன்தான் முதலில் மூக்கைத் தூக்கினான்.
"தெக்கால திரும்பிடுச்சு."
சொல்லி முடிக்குமுன் படியில் இருந்தோம்,
அவன் ஒரு காலைத் தாங்கித் தாங்கி
நான் செருப்பில்லாமல்.

இருட்டில் ஆளுக்கொன்றை அணைத்துக்கொண்டு நின்றோம்.
"எது தலைக்கு, எது காலுக்கு?"
மோந்து பார்த்தான். மாற்றிக்கொண்டு
நானும் மோந்தேன்.
சோப்பு.
ரெண்டிலும் சோப்பு.
ஒருத்தரைக் கேட்காமல்
அவர் பெட்டியை ஒழித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.
"விடு" என்றான்.
"கால் பட்டதை அதுவே மறந்திருக்கும்."

கீழே வந்து ஜன்னலைச் சாத்தி
ஃபேனை ஐந்தில் வைத்து
அதற்கு நேர் கீழே ரெண்டையும் போட்டுவிட்டு
நாங்கள் சுவரோரம் ஒதுங்கினோம்.
லுங்கியும் போர்வையும் எங்கே போயின என்று தேடவில்லை.
என் கழுத்துக்குக் கீழே கையை நீட்டினான்,
மரத்துப்போகிற வரைக்கும், என்று சொல்லி.

பத்து நிமிஷம் தாங்கியிருக்கும்.

அவனுக்குக் குறட்டை உண்டு என்று தெரியும்.
இத்தனை நீளம் என்று
தெரியாது.